"செல்லைத்தான் செய்துவிட்டார்களே, அப்புறம் ஏன் எனக்குப் போடக் கூடாது?"

கேள்வி: என் மகளுக்கு வயது 13. ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து ஊசி. ராத்திரி சர்க்கரை இறங்கினால் சென்சார் அலறும், எழுந்து ஜூஸ் கொடுப்பேன். ஸ்டெம் செல்லில் இருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைத் தயாரித்துப் போட்டதில் சிலருக்கு ஊசியே தேவைப்படவில்லை என்று படித்தோம். அன்றிலிருந்து அவள் கேட்பது ஒன்றுதான்: "செல்லைத்தான் செய்துவிட்டார்களே, அப்புறம் ஏன் எனக்குப் போடக் கூடாது?" அவள் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தோம். அது இப்போது உதவுமா? அவளுடைய சொந்த செல்லில் இருந்தே செய்ய முடியாதா? தெரிந்தவர் ஒருவர் ஒரு சிகிச்சை மையத்தைப் பற்றிச் சொன்னார். வயிற்றுக் கொழுப்பில் இருந்து ஸ்டெம் செல் எடுத்து மூன்று தவணையாக ஏற்றுவார்களாம், இன்சுலினைப் படிப்படியாக நிறுத்திவிடலாமாம். நம்பலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்சுலினை நிறுத்தாதீர்கள். யார் சொன்னாலும், எத்தனை தவணை முடிந்திருந்தாலும் சரி. டைப் 1-ல் இன்சுலின் நின்றால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும், ஓரிரு நாளிலேயே நிலைமை உயிருக்கு ஆபத்தாகிவிடும். இது ஒன்று உறுதியாகிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் இல்லை. மனித ஸ்டெம் செல்களை இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களாக மாற்றும் ஆய்வகத்தில் வேலை. அதனால் மருந்தளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் உங்கள் மகளின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். இந்தத் துறையே இருபது வருடங்களுக்கு மேலாக அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறது.

"செய்துவிட்டார்கள்" என்கிறாள் அல்லவா, அங்கிருந்து தொடங்குகிறேன். மனிதக் கருவில் இருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்க்க முடியும் என்று 1998-ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் காட்டினார். 2007-ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, வளர்ந்த மனிதரின் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி அதே நிலைக்குக் கொண்டுபோனார். இதற்காகத்தான் 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வகை செல்லும் உடம்பின் எந்த செல்லாகவும் மாறக் கூடியவை. அந்தத் திறமையேதான் தலைவலியும். மாறாத ஸ்டெம் செல் கொஞ்சம் மிச்சமிருந்து உடம்புக்குள் போய்விட்டால், எலும்பு, முடி, பல் என்று கலந்துகட்டி ஒரு கட்டியாக வளரலாம். ஆகவே அதை அதன் போக்கில் விட முடியாது. தாயின் வயிற்றில் கணையம் உருவாகும் வழியிலேயே, படிப்படியாக, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

முதல் சில நாட்கள் ஆக்டிவின் ஏ என்ற புரதத்தைக் கொடுக்கிறோம். குடல், ஈரல், நுரையீரல், கணையம் எல்லாம் பிறக்கும் அடுக்காக செல்கள் மாறுகின்றன. அடுத்து வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலம் உள்ளிட்ட சில மருந்துகள். பிடிஎக்ஸ்1 என்ற மரபணு விழித்துக்கொண்டால், கணையத்தின் பாதைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். பிறகு என்கேஎக்ஸ்6.1, அதற்குப் பின் என்ஜிஎன்3. ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் விழிக்க வேண்டும். என்ஜிஎன்3 முந்திக்கொண்டால் இன்சுலினையும் குளூக்ககானையும் ஒரே செல் சுரக்கும். ஒன்று சர்க்கரையை இறக்கும், மற்றொன்று ஏற்றும். அந்த செல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது! தொடக்கத்தில் மருந்து சற்று ஏறுமாறாகிவிட்டால், ஈரல் பக்கமோ குடல் பக்கமோ போய்விடும். மொத்தம் ஐந்தாறு வாரம் பிடிக்கும். இடையில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது, செல்களுக்கு விடுமுறை தெரியாது.

உங்கள் மகள் ஆய்வகத்துக்கு வந்தால் பார்க்கக் கூடியது இதுதான். இன்குபேட்டருக்குள் ஒரு கண்ணாடிக் குடுவை, அதில் இளஞ்சிவப்பு திரவம், நடுவில் மெல்லச் சுழலும் ஒரு துடுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் தூசு போல வெள்ளைத் துகள்கள் மிதக்கும். ஒவ்வொரு துகளிலும் ஆயிரக்கணக்கான செல்கள். திரவம் மஞ்சளாகத் திரும்பினால் செல்கள் சாப்பிட்டு முடித்துவிட்டன, மாற்ற வேண்டும். கடைசி வாரத்தில் சில துகள்களை எடுத்து டித்திசோன் என்ற சாயத்தில் போடுவோம். சில நிமிடங்களில் அவை சிவப்பாகும். பீட்டா செல் இன்சுலினைத் துத்தநாகத்தோடு சேர்த்துத்தான் பொட்டலம் கட்டி வைக்கிறது, அந்தத் துத்தநாகத்தைச் சாயம் பிடித்துக்கொள்கிறது. விருந்தினர்கள் வந்தால் இதைக் காட்டுவது வழக்கம், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிவப்பு சொல்வது, உள்ளே இன்சுலின் இருக்கிறது என்பதை மட்டும்தான்.

இன்சுலின் இருப்பது போதாது. எப்போது நிறுத்துவது என்று அந்த செல்லுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஆராய்ச்சியின் பாதிக் கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. செய்திகளில் கவனம் பெறாததும் இதுவே.

அதைச் சோதிக்கும் விதம் எளிமையானது. செல்களைச் சர்க்கரை மிகக் குறைவான திரவத்தில், உங்கள் கணக்கில் சொன்னால் 50 மி.கி. அளவில், ஒரு மணி நேரம் வைக்கிறோம். பிறகு 300-க்கு மேல். பிறகு மறுபடியும் 50. ஒவ்வொரு முறையும் திரவத்தில் எவ்வளவு இன்சுலின் வந்திருக்கிறது என்று அளக்கிறோம். நல்ல செல் முதலில் அடங்கியிருக்கும், சர்க்கரை ஏறியதும் கொட்டும், இறங்கியதும் திரும்ப அடங்கும். தண்ணீர்த் தொட்டியில் மட்டம் ஏறியதும் குழாயை அடைக்கும் மிதவைப் பந்து மாதிரி இரண்டு திசையிலும் வேலை செய்ய வேண்டும். கடைசியாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்போம். அது செல்லை வலுக்கட்டாயமாகக் காலி செய்ய வைக்கும். சர்க்கரைக்கு அசையாத செல் பொட்டாசியத்துக்கு மட்டும் கொட்டுகிறது என்றால், சரக்கு இருக்கிறது, கதவு திறக்கும் பொறிதான் தயாராகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பொறி இப்படி இயங்குகிறது. செல்லுக்குள் வரும் குளுக்கோஸை குளுக்கோகைனேஸ் என்ற நொதி பிடிக்கிறது. அதை எரிப்பதில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பெருகுகிறது. ஏடிபி பெருகினால் செல் சவ்வின் பொட்டாசியம் வாசல் மூடிக்கொள்ளும், மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் பொட்டலங்கள் செல்லின் ஓரத்துக்கு வந்து திறந்து வெளியே கொட்டும். இதில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் செல் மக்கராகிவிடும். சர்க்கரை 60-க்கு இறங்கிய பிறகும் சுரந்துகொண்டே இருக்கும் செல் உடம்புக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி அலாரத்துக்கு எழுந்து ஓடுபவர் நீங்கள். ஊசியில் போட்ட இன்சுலினாவது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். போட்ட செல்லைத் திரும்ப எடுப்பது அவ்வளவு எளிதில்லை.

2006-லேயே அமெரிக்காவின் நோவோசெல் நிறுவனத்தார் ஸ்டெம் செல்லில் இருந்து இன்சுலின் நிறைந்த செல்களை உண்டாக்கிவிட்டார்கள். ஆனால் அவை கருவில் இருக்கும் குழந்தையின் செல்களைப் போல இருந்தன, குளுக்கோஸுக்குச் சரியாக மசியவில்லை. 2008-ல் அவர்களே ஒரு படி முன்னால் நிறுத்தி, முதிராத கணைய செல்களை எலிக்குள் வைத்தார்கள். சில மாதங்களில் அவை எலியின் உடம்புக்குள்ளேயே முதிர்ந்தன. குடுவையிலேயே சர்க்கரைக்கு ஓரளவு பதில் சொல்லும் செல்களை உண்டாக்க 2014 ஆனது. ஹார்வர்டில் டக் மெல்டன் குழுவும், கனடாவில் டிமோத்தி கீஃபர் பங்கேற்ற குழுவும் அதே ஆண்டு வெளியிட்டன. மெல்டன் முன்பு தவளைக் கரு வளர்ச்சியை ஆராய்ந்தவர். கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு டைப் 1 வந்தது, பிறகு மகளுக்கும் வந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பியதற்கு அதுதான் காரணம்.

சரி, நல்ல செல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் மகளுக்கு ஏன் போடக் கூடாது?

அவளுடைய சொந்த பீட்டா செல்கள் தானாகச் சாகவில்லை. அவளுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே அவற்றைக் குறிவைத்து அழித்தது. அந்தப் படை இன்னும் அங்கேதான் இருக்கிறது. புது செல் போனால் அதையும் தேடி வரும். அது இன்னொருவரின் செல் என்றால் அந்நியப் பொருள் என்ற வகையிலும் தாக்குதல் நடக்கும். ஆக, ஒன்றுக்கு இரண்டு எதிரி.

இதற்கு இன்றைக்கு இருக்கும் நம்பகமான வழி, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைப்பது. 2000-ல் கனடாவின் எட்மண்டனில் ஜேம்ஸ் ஷாப்பிரோ குழு, இறந்தவர்களின் கணையத்தில் இருந்து எடுத்த திட்டுகளை (பீட்டா செல்கள் கூட்டமாக இருக்கும் சிறு கொத்துகளை) ஏழு பேருக்கு ஏற்றி, ஏழு பேரையும் இன்சுலின் ஊசியில் இருந்து விடுவித்தது. அங்கிருந்த சிக்கல் எண்ணிக்கை. பெரும்பாலும் ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் கணையமாவது வேண்டும். கொடையாளிக்கு எங்கே போவது? ஸ்டெம் செல் தீர்ப்பது இந்தத் தட்டுப்பாட்டைத்தான், எதிர்ப்பு மண்டலத்தை அது தொடவில்லை. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் செய்திகளில் பாதிக் குழப்பம் போய்விடும்.

நீங்கள் படித்த செய்தி வெர்டெக்ஸ் நிறுவனத்தின் சிமிஸ்லெசெல் ஆய்வாக இருக்க வேண்டும். கருவழி ஸ்டெம் செல்லில் இருந்து உண்டாக்கிய திட்டுகளை ஈரலுக்குப் போகும் பெருநாளத்தின் வழியாக ஏற்றுகிறார்கள், அவை ஈரலிலேயே தங்கிச் சுரக்கின்றன. 2025 ஜூனில் வெளியான முடிவில், முழு அளவு ஏற்றப்பட்ட 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து இன்சுலின் தேவைப்படவில்லை. 12 பேருக்கும் ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 7-க்குக் கீழே வந்தது, நினைவு தப்பும் அளவுக்கான தாழ்சர்க்கரையும் நின்றது. இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பெரிய விஷயம். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. ஆய்வில் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருவருக்கு மூளையுறையில் பூஞ்சைத் தொற்று, மற்றவருக்கு முன்பே இருந்த மூளைப் பாதிப்பு முற்றியது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் என்ன என்பதை அந்தப் பூஞ்சைத் தொற்று காட்டுகிறது.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். எச்சரிக்கையே இல்லாமல் சர்க்கரை இறங்கி விழக் கூடியவர்கள். அவர்களுக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகும். தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, சில புற்றுநோய்களின் ஆபத்து எல்லாம் வரும் மருந்துகளை 13 வயதில் தொடங்கி அறுபது வருடம் சாப்பிடுவதற்கு, சென்சாரும் இன்சுலினும் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு பெண்ணை யாரும் ஒப்புக்கொள்ள வைக்கக் கூடாது. என் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மருந்து இல்லாமல் செய்யும் வழிகளையும் தேடுகிறார்கள். செல்களைப் பைக்குள் அடைத்து, சர்க்கரையும் இன்சுலினும் போய்வரும்படி, எதிர்ப்பு செல்கள் நுழையாதபடி வைப்பது ஒன்று. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் பைக்கு வெளியே உடம்பு தழும்புத் திசுவை வளர்த்துவிடுகிறது, உள்ளே பிராணவாயு எட்டாமல் செல்கள் சாகின்றன. வெர்டெக்ஸ் தன் பை ஆய்வை 2025-ல் கைவிட்டது. எனக்கு அதிக நம்பிக்கை தருவது மற்றொரு வழி: செல்லின் மரபணுவைத் திருத்தி, எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமல் ஆக்குவது. 2025-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்வீடனின் உப்சாலாவில் ஒருவருக்கு, கொடையாளியின் திட்டு செல்களை இப்படித் திருத்தி முன்கைத் தசைக்குள் போட்டார்கள். அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வாரம் கழித்தும் செல்கள் உயிரோடு சுரந்தன. போட்டது கொஞ்சம்தான், அவர் இன்னும் ஊசி போட்டுக்கொள்கிறார், ஒரே ஒரு ஆள்தான். என்றாலும் எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கட்டுரையை ஆளுக்கொரு பிரதி எடுத்துப் படித்தோம். இதே திருத்தத்தை ஸ்டெம் செல்லிலேயே செய்துவிட்டால், அதில் இருந்து வேண்டிய அளவு பீட்டா செல் எடுக்கலாம்.

இனி தொப்புள்கொடி ரத்தம். அதில் இருப்பவை ரத்த செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். அப்படியே ஏற்றினால் அவை பீட்டா செல் ஆவதில்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டைப் 1 வந்த சிறு குழந்தைகளுக்கு அவர்களுடைய தொப்புள்கொடி ரத்தத்தையே ஏற்றிப் பார்த்தார்கள். கெடுதல் இல்லை, ஆனால் மிச்சமிருந்த இன்சுலின் சுரப்பை அது காப்பாற்றவும் இல்லை. யமனாகா முறைப்படி அதைப் பின்னோக்கித் திருப்பலாம்தான். ஆனால் அதற்குச் சாதாரண ரத்தம் ஒரு குழாய் போதும், பதின்மூன்று வருடம் உறையவைத்திருக்க வேண்டியதில்லை.

சொந்த செல்லைப் பற்றிய கேள்வி நியாயமானது. 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், பெய்ஜிங்கின் டெங் ஹோங்குய் குழு, 25 வயதுப் பெண் ஒருவரின் கொழுப்புத் திசு செல்லை ரசாயனங்களால் பின்னோக்கித் திருப்பி, திட்டுகளாக வளர்த்து, அவருடைய வயிற்றுத் தசை உறைக்குக் கீழே வைத்தது. 75 நாளில் அவருக்கு ஊசி தேவைப்படாமல் போனது. ஆனால் அவர் முன்பே ஈரல் மாற்று செய்துகொண்டவர், அதற்கான அடக்கும் மருந்தில் இருந்தவர். அந்த மருந்து இல்லாவிட்டால் பழைய படை இந்தப் புது செல்களை விட்டுவைத்திருக்குமா என்பதற்கு அவரை வைத்துப் பதில் சொல்ல முடியாது. சொந்த செல் என்றால் அந்நியம் என்ற பிரச்சினைதான் போகும், டைப் 1 என்ற பிரச்சினை அப்படியே நிற்கும். தவிர, ஒவ்வொருவர் செல்லுக்கும் ஒரு குணம் உண்டு. ஒருவர் செல்லுக்கு அமைந்த மருந்து நேரம் இன்னொருவர் செல்லுக்கு அமையாது, ஆளுக்கு ஆள் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

போடுவதற்கு மட்டும்தான் இந்த செல்கள் என்றும் இல்லை. உயிரோடு இருப்பவரின் கணையத்தை வெட்டிப் பார்த்து ஆராய முடியாது. அவருடைய செல்லில் இருந்து பீட்டா செல்லை வளர்த்து, அதில் நோய் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம், மருந்துகளைச் சோதிக்கலாம். வோல்ஃப்ரம் நோய்க்குறி என்று ஒரே மரபணுக் கோளாறால் வரும் சர்க்கரை உண்டு. 2020-ல் செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி மில்மன் குழு, அந்த நோயாளியின் செல்லில் அந்த ஒரு பிழையைத் திருத்தி பீட்டா செல்லாக்கி எலிக்குப் போட்டது. எலியின் சர்க்கரை சீரானது. இதையெல்லாம் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், கேள்வி கேட்கும் விதத்தைப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

இப்போது அந்த மையம். கொழுப்பில் இருந்து எடுக்கும் செல்கள் வேறு ஜாதி. மேலே சொன்ன வாரக்கணக்கான மாற்றம் எதுவும் இல்லாமல், எடுத்த கையோடு ஏற்றினால் அவை பீட்டா செல் ஆகாது. டெங் குழு எடுத்ததும் கொழுப்புதான் என்று அவர்கள் வாதாடலாம். அந்தச் செல்கள் பட்ட பாடு வேறு. "ஸ்டெம் செல் போட்டு இன்சுலினை நிறுத்தினார்கள்" என்று 2007-ல் பிரேசிலில் இருந்து வந்த ஆய்வைக் காட்டினாலும் மயங்காதீர்கள். அங்கே கடுமையான மருந்தால் நோய் எதிர்ப்பு மண்டலத்தையே துடைத்துவிட்டு, ரத்த ஸ்டெம் செல்லைக் கொண்டு அதைத் திரும்பக் கட்டினார்கள். அதுவும் நோய் வந்த சில வாரங்களுக்குள், சொந்த பீட்டா செல் கொஞ்சம் மீதி இருந்தவர்களுக்கு. உங்கள் மகளுக்கு நோய் வந்து நாலு வருடம் ஆகிறது.

அவர்களிடம் நேரில் கேளுங்கள். ஏற்றப் போவது என்ன செல்? அது குளுக்கோஸுக்குச் சுரந்து அடங்கியதைக் காட்டும் அளவீடு எங்கே? எதிர்ப்பு மண்டலத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? ஏற்றிய பிறகு சி-பெப்டைடு பார்ப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். உடம்பு தானாக இன்சுலின் தயாரிக்கும்போது சி-பெப்டைடும் கூடவே வெளிவரும், ஊசி இன்சுலினில் அது இருக்காது. ஆகவே சர்க்கரை குறைந்தது புது செல்லாலா, ஊசியாலா, சாப்பாட்டைக் குறைத்ததாலா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். "அதெல்லாம் தேவையில்லை, சுகர் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு செய்யப்பட்ட ஆய்வு என்று சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே சிகிச்சைக்குப் பணமும் கேட்டால் அதுவே போதுமான பதில். கையெழுத்துக்கு ஒரு தாள் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாமல் அதை வாங்கி வந்து உங்கள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்பினால், அதில் எழுதியிருக்கும் செல் எது, அதனால் என்ன முடியும் என்று படித்துச் சொல்கிறேன்.